புகை போக ஒரு சாண்

புகை போகவில்லை. நடந்த தப்பு அதுதான். புறவாசல் அடுப்படிக்கு நான் போட்ட கூரையில் புகை வெளியேற வழி வைக்கவில்லை, பதினொரு வருஷம் அது என் பெண்டாட்டியின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. சொல்லியாயிற்று. இனி வேலையைப் பார்க்க வேண்டும். லிகோரி பத்து மணிக்கு வருகிறேன் என்றான். வெல்டிங் பட்டறைக்காரன் பத்து என்றால் பதினொன்று. “எந்தக் கூரைன்னு மட்டும் முடிவு பண்ணி வையுங்க அண்ணாச்சி, வந்து அளவெடுத்துட்டு இன்னைக்கே பைப்பு வாங்கிருதேன்” என்று போனில் சொன்னான். முடிவு பண்ணுவதாம். போன தடவையும் நான்தான் பண்ணினேன். இப்போது மணி ஒன்பதரை. அடுப்படிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் டேப்பு. ஒரு அளவும் எடுக்கவில்லை. சிமெண்ட் ஷீட் ஆறு. மேற்கே நெஞ்சளவுக்குத் தாழ்ந்து, கிழக்கே எட்டடி உயரத்தில் வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது. மேற்கும் வடக்கும் செங்கல் வைத்து அடைப்பு. தெற்கே மட்டும் ஆள் நுழைய வழி. ஷீட்டும் சுவரும் சேருகிற இடத்தில் சிமெண்ட் பூச்சு, ஒரு எறும்பு நுழையாது. நல்ல வேலை. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல வேலை என்றுதான் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

உள்ளே அவள் மூச்சு கேட்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்றின பிறகு, உப்பை இழுக்கிற வாருபலகையை வெறும் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வரும், உப்பில்லாமல் மண்ணை உரசுகிற சத்தம். அப்படி இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் நான் பாத்திக்காரனைத் திட்டுவேன். “ஏல, தரைய இழுக்காதல, உப்பை இழு” என்பேன். முப்பத்தெட்டு வருஷம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவன். இந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே வெள்ளை வெளேரென்று, அதில் பாதி நான் வாரச் சொல்லி வாரினது. உப்புக்கு எதிரி இரண்டு பேர். ஒன்று மழை, இன்னொன்று புழுதி. ஆனி ஆடியில் கச்சான் காற்று மேற்கே தேரிக்காட்டுச் செம்மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், வெள்ளை உப்பு செங்காமட்டி நிறமாகிவிடும். அதனால் உப்புக் கொட்டகைக்கு மேற்கே தாழ்த்தி, சுற்றி அடைத்து, சந்தெல்லாம் பூசி விடுவோம். கொட்டகை போடுவது எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். ஓய்வு பெற்ற மறு வருஷம், அவளுக்கு ஒரு கூரை போட வேண்டும் என்று வந்தபோது, தெரிந்ததைப் போட்டேன். உப்பு இருமாது. அது எனக்குத் தோன்றவில்லை.

குருசுமுத்து கேட்டான். அந்தக் கொத்தனார் இப்போது இல்லை, கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான், அவனிடம் போய் ஒன்றும் சொல்ல முடியாது. ஏணியில் நின்றுகொண்டு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். “அண்ணாச்சி, புகை போக மேல ஒரு சாண் விடட்டா?” நான் கீழே நின்றேன். அவளும் நின்றாள், சட்டியில் கலவையைப் பிடித்துக்கொண்டு. நான் சொன்னேன், “சாண் விட்டா மழை சாண் சாணா உள்ள வரும். அடைல.” அடைத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை, ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள். வாயைத் திறந்தாள், நான் அவளைப் பார்த்தேன், மூடிக்கொண்டாள். அப்படித்தான் இருக்கும். நாற்பத்தாறு வருஷமாக அப்படித்தான். ஒரு சாண். என் கையை விரித்துப் பார்க்கிறேன். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும் இவ்வளவுதான். ஒன்பது அங்குலம். இதை விட்டிருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லவில்லை. அவள் கூரையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சின்னப் பிள்ளை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “வீட்ல யாரு பீடி குடிப்பீங்க?” என்றாள். யாருமில்லை என்றேன். “அம்மா குடிப்பாங்களா?” இவளுக்கு அந்த மூச்சிலும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ அடுப்பு” என்று டாக்டரம்மா எழுதினாள். “இனிப் புகையே ஆகாது. போனது போனதுதான், இருக்கிறதக் காப்பாத்தணும். இன்னொரு தடவை இப்படி மூச்சு முட்டி வந்தா எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது.” வெளியே வந்ததும் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “அந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல போலருக்கு. அடுப்புன்னா என்னன்னு தெரியல.” அதற்கு முன்னால் நர்ஸ் இவள் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் நான் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவது. பேர் யாரோ பேராகக் கேட்டது. பக்கத்து பெஞ்சிக்காரி தட்டி, “பாட்டையா, உங்களத்தான்” என்றாள்.

ஓலை போடலாம். ஓலையில் புகை தானாகக் கசிந்து போய்விடும், சாணும் வேண்டாம் முழமும் வேண்டாம். ஆனால் தீப்பொறி. ஒரு கச்சான் மதியம் பாத்திக்காரர்கள் சோறு பொங்கிய குடிசை ஒன்று எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். வாளியில் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கம்புகள் மட்டும் நின்றன. மூச்சு வாங்குகிறவளை எரிகிற ஓலைக்கு அடியிலிருந்து யார் தூக்குவது. நான் எழுபத்திமூன்று. ஓலை வேண்டாம். ஓடு. ஓட்டில் சந்து உண்டு, புகை போகும். கனம் அதிகம், அதற்குத் தகுந்த மரம் வேண்டும், அது கிடக்கட்டும், மயில் விடாது. இந்தப் பக்கம் மயில்கள் கோழி மாதிரித் திரிகின்றன. ஏறி மிதித்தே ஓட்டை உடைக்கும், அவள் தலையில் விழும். ஓடு வேண்டாம். கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் இருக்கிறது, வெளிச்சம் வரும் என்றான் லிகோரி. வெளிச்சத்தோடு வெயிலும் வரும். வேண்டாம். அப்புறம் கலர் ஷீட். இப்போது எல்லாரும் அதுதான் போடுகிறார்கள், நீலமும் பச்சையுமாக. உப்புக் காற்றில் சாதா இரும்பு மூன்று வருஷம் நிற்கும். “ஜி.ஐ. பைப்பு போட்டு மேல கலர் ஷீட் அடிச்சா பத்து வருசத்துக்கு அசையாது அண்ணாச்சி.” பத்து வருஷம். போனை வைத்த பிறகும் அந்தப் பத்து போகவில்லை. எந்தப் பத்து. யாருடைய பத்து. உள்ளே ஒருத்தி நாலு எட்டு நடந்து கட்டிலைப் பிடிக்கிறாள், இவன் பத்து வருஷம் விற்கிறான். நான் பத்து வருஷம் கழித்து இந்த முக்காலியில் தனியாக உட்கார்ந்து துருப்பிடிக்காத பைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேனா. அந்த நினைப்பு வந்ததும் டேப்பை இழுத்தேன், விட்டேன், அது சட்டென்று உள்ளே போய் விரலைக் கீறிவிட்டது. சனியன்.

அமலி காலையிலேயே கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். ஒரே பிள்ளை. “அப்பா, இன்னும் இடிக்கலையா நீங்க? கூரை மாத்துறது பேச்சே இல்ல. அடுப்படியவே இடிச்சுத் தள்ளுங்க. அது நின்னா அம்மா அங்கதான் போய் உக்காருவா.” உக்காருவாள். அது எனக்கும் தெரியும். நிற்க முடிந்த அன்றைக்கே போய் உட்காருவாள். “உங்கம்மா இடிக்க வேண்டாங்குதா” என்றேன். “அம்மா சொல்றத என்னைக்குப்பா கேட்டீங்க, இன்னைக்குக் கேக்க?” என்றாள். போனை வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள். அடுப்பு எரியவில்லை. மெஸ்ஸிலிருந்து சாப்பாடு. நாலு கவளம் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். முந்தாநாள் நானே கேட்டேன், இடித்துவிடட்டுமா என்று. திரும்பாமல் சொன்னாள், “இடிக்கணும்னா இடிங்க. பெறவு என்னைய எழுப்பாதீங்க.” அதோடு சரி. இடித்தால் படுத்துவிடுவாள். விட்டால் போய் உட்கார்ந்துவிடுவாள், இன்னொரு தடவை மூச்சு முட்டும், டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூரை இருக்கிறது. அதை நான் பத்து மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகப் போட்டால் இந்தத் தடவை பதினொரு வருஷம் ஆகாது.

கேஸ் அடுப்பு உள்ளே இருக்கிறது. இல்லாமல் இல்லை. வீட்டை எடுத்துக் கட்டினபோது உள்ளே மேடை போட்டு, டைல்ஸ் ஒட்டி, எல்லாம் செய்தது. ஒரு வாரம் அதில்தான் சமைத்தாள். சுகமாக இருக்கு என்றாள். நின்றுகொண்டே சமைக்கலாம், முட்டி வலிக்கவில்லை என்றாள். அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பன்னிரண்டு நாளாக வராதது இந்த முக்காலியில் வருகிறது. சுகமாக இருக்கு என்று சொன்னாள். எட்டாம் நாள் சாளைமீன் குழம்பு. ஒரு வாய் வைத்தேன், தட்டைத் தள்ளினேன். “இது குழம்பா? கேஸ் நாத்தம் அடிக்கி.” கேஸ் நாற்றம் குழம்பில் எப்படி வரும். வராது. ஆனால் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அன்றைக்கு உப்பளத்தில் ஏதோ தகராறு, ஓய்வு பெற இரண்டு மாசம் இருந்தது, யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் புறவாசலில் மூன்று கல்லைப் போட்டுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மண்சட்டியில் குழம்பு. நான் நன்றாகத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றேன், அவளுக்கு அது போதும். ஒரு வருஷம் வெயிலிலும் தூறலிலும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் நான் கூரை போட்டேன். அவளுக்காகப் போட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லித் திரிந்தேன். குழம்புக்குப் போட்டிருக்கிறேன்.

சத்தம் இல்லை. வாருபலகைச் சத்தம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை. நான் கேஸையும் சாளையையும் நினைத்துக்கொண்டிருந்தேன், எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. மதிலுக்கு அப்பால் லாரி ஒன்று போகிறது, அதனால் கேட்கவில்லையாக இருக்கும். லாரி போய்விட்டது. கேட்கவில்லை. எழுந்தேன், முட்டி பிடித்துக்கொண்டது, முக்காலி சாய்ந்தது. ஐந்து எட்டில் வாசல்படி. ஐந்து எட்டுக்குள் ஒரு மனுஷன் என்னவெல்லாம் நினைக்க முடியும். அமலிக்கு என்ன சொல்வது. லிகோரியை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சாமியாருக்குச் சொல்ல வேண்டும். மணியடிப்பார்கள், பேரைச் சொல்லித் திருப்பலி வைப்பார்கள், அப்போதும் எனக்கு உறைக்காது, பக்கத்தில் யாராவது தட்டிச் சொல்ல வேண்டும். எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆவி பிடிக்கிற மிஷினின் மூடியை மூக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “என்ன?” என்றாள். “ஒண்ணுமில்ல.” “எதுக்கு ஓடியாறீக?” “யாரு ஓடியாந்தா.” “லிகோரி வந்துட்டானா?” “வரல.” “அப்ப போயி உக்காருங்க” என்றாள். வந்து உட்கார்ந்தேன். மறுபடி சத்தம் கேட்க ஆரம்பித்தது, மண்ணை உரசுகிற சத்தம். உரசட்டும். உரசிக்கொண்டே இருக்கட்டும்.

அளவு எடுத்தால் மனசு நிற்கும். உப்பளத்தில் அப்படித்தான், குழப்பம் வந்தால் பாத்தியை அளப்பேன். தெற்கு வழியாகத் தலையைக் குனிந்து உள்ளே போனேன். பதினொரு வருஷத்தில் இதற்குள் நான் எத்தனை தடவை வந்திருப்பேன். மழைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை, மேலே சந்து பூச. மற்ற நாளெல்லாம் வெளியே நின்று, “ஆச்சா?” என்று கேட்பதோடு சரி. அவள் இருமினால், “இருமாம சமைக்கத் தெரியாதா, எச்சில் தெறிக்கப் போகுது” என்றும் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கிறேன், மாற்ற முடியாது. அடுப்பு நடுவில். அவள் உட்காரும் பலகை வீட்டுச் சுவரை ஒட்டி. ஷீட்டெல்லாம் கறுப்பு, பிசுபிசுவென்று தார் மாதிரி. சுவரும் மேலிருந்து கீழே வரைக்கும் கறுப்பு. பலகைக்கு மேலே ஒரு இடம் மட்டும் வெளுப்பு. ஒரு சுளகு அகலம், கொஞ்சம் நீளவாக்கில். சுண்ணாம்பு உதிர்ந்ததோ என்று தடவிப் பார்த்தேன். உதிரவில்லை. அவள் சாய்கிற இடம். தலையும் தோளும் மறைத்த இடத்தில் சுவரில் கறுப்பு பிடிக்கவில்லை. சுவரில் பிடிக்க வேண்டியது எங்கே பிடித்தது என்று கேட்க எனக்கு டாக்டர் வேண்டாம். பார்க்க முடியவில்லை. மேலே பார்த்தேன். ஆட்டுரல் மேல் ஏறி நின்று டேப்பைச் சந்துக்கு நீட்டினேன்.

என் பூச்சு வரிவரியாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு பூச்சு. ஒன்று கறுத்து, ஒன்று பழுத்து, கடைசியில் போன வருஷத்துப் பூச்சு இன்னும் சாம்பல் நிறமாக. வருஷா வருஷம் அந்தச் சந்தில் ஒரே இடத்தில் பெயர்ந்திருக்கும், அடுப்புக்கு நேரே, மூன்று விரல், நாலு விரல் அகலத்துக்கு. அணில். வேப்பமரத்து அணில்கள் கொறித்துக் கொறித்துப் பெயர்க்கின்றன என்று திட்டிக்கொண்டே பூசுவேன். அவள் கீழே நின்று கலவை குழைத்து, சட்டியில் எடுத்துக் கொடுப்பாள். “இந்த அணில் சனியனுக்கு வேற இடமே கிடைக்கலையா” என்பேன். “ஆமா, அணில்தான்” என்பாள். இப்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன். பெயர்ந்த இடத்தில் கோடு கோடாக இருக்கிறது. நேர்க்கோடு. ஒரே அகலம். அணிலுக்குப் பல் இருக்கிறது, இப்படிக் கோடு போடாது. கையை விட்டுத் துழாவினேன். ஷீட்டுக்கும் கீழே ஓடுகிற கம்புக்கும் நடுவே ஏதோ சொருகி இருந்தது. இழுத்தேன். தோசைத்திருப்பி. இரும்புத் தோசைத்திருப்பி, நுனி மழுங்கி, ஒரு பக்கம் தேய்ந்து, பிடியெல்லாம் கரி. இது தொலைந்துபோய்விட்டது என்றாள். கூரை போட்ட மறு வருஷமே தொலைந்துபோய்விட்டது என்றாள். சாமான் பத்திரமாக வைக்கத் தெரியாதா என்று நான் ஒரு நாள் முழுக்கக் கத்தினேன்.

ஆட்டுரல் மேல் நின்றபடி நின்றேன். இதே ஆட்டுரல் மேல் அவள் ஏறியிருக்க வேண்டும். அவள் உயரத்துக்குக் கையை முழுக்க நீட்டினால்தான் எட்டும். நான் உப்பளத்துப் பழைய ஆட்களோடு டீக்கடைக்குப் போன நேரமாகப் பார்த்து ஏறியிருப்பாள். கொஞ்சம் சுரண்டுவாள், இறங்குவாள், இருமுவாள், மறுபடி ஏறுவாள். தை மாசம் தொடங்கினால் நாலு விரல் சந்துக்கு ஆனி ஆகும். மூன்று மாசம் நாலு விரல் அளவுக்குப் புகை போகும். ஐப்பசியில் நான் ஏணியோடு வருவேன். அவளே கலவை குழைத்துக் கொடுப்பாள். அவள் கையாலே குழைத்து, நீட்டுவாள், நான் அடைப்பேன். ஆமா, அணில்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும்போதே அமலி குரல் வருகிறது, என்னைக்குப்பா கேட்டீங்க. குருசுமுத்து சொன்னதைக் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்னதும் பாதிதான் கேட்டது. இவள் சொல்லிப் பார்க்காமலா தோசைத்திருப்பியை எடுத்திருப்பாள். முதல் நாள் வாயைத் திறந்தாளே. அது போதாதா. வேறு எப்படிச் சொல்வது. பத்து ஐப்பசி. பத்துத் தடவை அடைத்திருக்கிறேன். எண்ணினால் பத்து. நான் உப்புக் கொட்டகை போட்டேன், அவள் அதற்குள் உட்கார்ந்து ஒரு தோசைத்திருப்பியால் வெளியே வரப் பார்த்திருக்கிறாள்.

“அண்ணாச்சி, விழுந்துராதீங்க. இறங்குங்க.” லிகோரி. பத்தே முக்கால். டேப்பும் சாக்குக் கட்டியும் நோட்டுமாக நின்றான். நாற்பது வயசு, கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட புள்ளி. “என்ன முடிவு பண்ணுனீங்க?” என்றான். நான் தோசைத்திருப்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் முடிவு பண்ணவில்லை என்று என் வாய் சொல்லாது. “இடிச்சிரலாம்” என்றேன். ஏன் சொன்னேன். அவன் சிரித்தான். “இடிக்கதுக்கு வெல்டர் எதுக்கு, கடப்பாரை போதும்லா. போன்ல கூரைன்னீக.” “இடிக்கணும்னா இடி, பேசாத.” “அம்மா கிட்ட கேட்டீகளா?” இவனும். எல்லாரும் இன்றைக்கு அதையே கேட்கிறார்கள். வாசல்படியில் சத்தம். அவள் வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து ஒரு எட்டு, நின்று மூச்சு, மறுபடி ஒரு எட்டு. பன்னிரண்டு நாளில் இவ்வளவு தூரம் நடக்கவில்லை. கையில் அரிசி புடைக்கிற சுளகு இரண்டு. நான் போய்ப் பிடிக்கப் போனேன். “நான் வாரேன், நீங்க நில்லுங்க” என்றாள். நான் நின்றேன். முக்காலியை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தாள். மூச்சு வந்து சேர இரண்டு நிமிஷம் ஆனது. லிகோரி தரையைப் பார்த்தான். அப்புறம் அவள் என் கையைப் பார்த்தாள். தோசைத்திருப்பி. ஒளிக்க இடமில்லை. “அணில்...” என்றேன். “கிடைச்சிட்டா?” என்றாள். “பத்து வருசமாத் தேடுதேன். தாங்க இங்க.” வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“லிகோரி, இங்க பாரு” என்று இரண்டு சுளகையும் தரையில் ஒன்றுக்கொன்று சாய்த்து நிறுத்தினாள், கூடாரம் மாதிரி. “இது கிழக்கு, இது மேக்கு. வீட்டுச் செவத்துல ஒட்டக் கூடாது. ரெண்டடி தள்ளித் தனியா நிக்கணும், நாலு காலுல.” “சரிம்மா.” “சுத்தி அடைப்பு வேண்டாம். மேக்க மட்டும் இடுப்பளவுக்குச் செவரு, தேரிமண்ணு சட்டியில விழாம இருக்க. மத்தது திறந்து கிடக்கட்டும்.” மூச்சு வாங்கினாள். சுளகு இரண்டும் மேலே முட்டிக்கொண்டிருந்தன. அதை விலக்கினாள். நடுவில் கையை விரித்து வைத்தாள், கட்டை விரல் ஒரு சுளகில், சுண்டு விரல் மற்றதில். “இங்க ஒரு சாண் விடு. அதுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு தகடு, தூக்கினாப்ல. புகை ரெண்டு பக்கமும் போயிரும்.” லிகோரி குந்தி உட்கார்ந்து அந்தக் கைச் சந்தைப் பார்த்தான். தலையை ஆட்டினான். “அருமையா இருக்கு. ரைஸ் மில்லுல போடுததுதான். மேல என்ன ஷீட்டும்மா?” “எதையாவது போடு. கூரைக்கு ஷீட்டு முக்கியமில்ல, சந்துதான் முக்கியம்.” ஒரு மணி நேரமாக நான் ஓலையையும் ஓட்டையும் மயிலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கம் விடுமா. என் வாய் திறந்தது. “சாரல் அடிச்சா உள்ள தண்ணி வரும்லா?” அவள் என்னைப் பார்த்தாள். “வந்தா வரட்டும். நனைஞ்சா காயும்” என்றாள்.

லிகோரி அளவெடுக்க எழுந்தான். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. டாக்டரம்மா சொன்ன ‘புகையே ஆகாது’. எந்தக் கூரை போட்டாலும், எத்தனை சாண் விட்டாலும், அடுப்புக்கு முன்னால் இருக்கிறவளுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்துக்கு அவளிடம் இடம் இல்லை. “ஏட்டி, நீ திரும்ப அதுல உக்காந்தியன்னா...” என்று ஆரம்பித்தேன். “நானா?” என்றாள். “நான் எதுக்கு உக்காருதேன். இந்த மரத்தடியில முக்காலி போட்டுக் காத்து வார பக்கம் இருப்பேன். உக்காரப் போறது நீங்க.” லிகோரி டேப்பை இழுத்தபடி நின்றுவிட்டான். “நானா?” “பெறகு யாரு. உங்களுக்குத்தான கேஸ் குழம்பு ஆகாது. புளி எவ்வளவு, எப்ப மீனப் போடணும்னு நான் இங்கருந்து சொல்லுதேன். நீங்க ஊதுங்க. சாளைய உடைக்காம கிண்டணும்.” மூச்சு வாங்கிவிட்டு, கொஞ்சம் மெல்லமாக, தரையில் கிடந்த சுளகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “புகை உங்களுக்கும் ஆகாதுல்லா. அதுக்குத்தான் ஒரு சாண்.” சாய்ந்து கிடந்த ஒரு சுளகை நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்தது. மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்டது, மண்ணை உரசிக்கொண்டு. அது சரியாகப் போவதில்லை. கூரை போட்டாலும் சரியாகாது. எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டுதான் எனக்கு ஒரு சாண் விடச் சொல்கிறாள், நான் அவளுக்குப் பத்துத் தடவை அடைத்ததை.

லிகோரி நீளம் அகலம் எடுத்தான். தெற்கு வடக்குப் பத்தடி, கிழக்கு மேற்கு எட்டு. சாக்குக் கட்டியால் நாலு காலுக்கும் தரையில் குறி போட்டான், வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. நாளைக்கே பழைய ஷீட்டைப் பிரித்துவிடலாம் என்றான். நோட்டை முழங்காலில் வைத்துப் படம் வரைந்தான். இரண்டு சரிவு, நடுவில் சந்து, மேலே தொப்பி. சந்துக்கு எத்தனை அங்குலம் என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. அவளிடம் போய்க் கையை விரிக்கச் சொல்லி, டேப்பை வைத்து அளந்தான். “ஏழே முக்கால்” என்றான். என் சாண் ஒன்பது. அவள் கை சின்னது. “ஒம்பதாப் போடு” என்றேன். லிகோரி எழுதினான். பட்டறையில் எத்தனையோ ஆர்டர் கிடக்கும், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு படத்துக்கும் மேலே பேர் எழுதுவது அவன் வழக்கம். “பேரு போட்டுருதேன். வியாகுலம் அண்ணாச்சின்னு போடவா?” என்று பேனாவை வைத்தான். வேண்டாம் என்றேன். பின்னே யாரு பேரு என்று நிமிர்ந்தான். நாற்பத்தாறு வருஷமாக நாக்கில் வராதது. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டேன். மரத்தடியில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“சலேத்தம்மாள்னு போடு.”